ராக்கெட்டுக்கு ஐந்தொகை போட்டால் மிச்சம் எவ்வளவு?

கண்மாய்க்கரை | வெள்ளி, இரவு 9.10

காரைக்குடியில் ஒரு சின்ன வாசகர் வட்டத்துக்காக அடுத்த மாதம் ராக்கெட் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். வரப்போகிறவர்களில் பாதிப் பேர் பிளஸ் டூ பிள்ளைகள். மீதி ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, அடகுக்கடை ஆட்கள். மூன்று கேள்விக்கு நேரான விடை வேண்டும். இஸ்ரோவின் 320 டன் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பி மேலே ரெண்டு டன்கூடப் போய்ச் சேரவில்லையே, மீதியெல்லாம் எங்கே போகிறது? மனுஷனை அனுப்புவது மட்டும் ஏன் இவ்வளவு இழுக்கிறது? வறண்ட கண்மாய்க்குள் விட்டுக் காட்டுகிற மாதிரி ஏதாவது உண்டா? சமன்பாடு சொல்லலாம். ஆனால் அதை மட்டும் எழுதிப்போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள்.

பேரேடு | வெள்ளி, இரவு 10.25

முதல் கேள்விக்கு நம்ம பக்கத்தில் விடை சொல்வதுதான் சுலபம். கூட்டு வட்டி தெரிந்த ஆளுக்கு ராக்கெட் சமன்பாடு பாதி தெரிந்தாயிற்று.

கலூகாவில் பள்ளி வாத்தியாராக இருந்த ஸியால்கோவ்ஸ்கி 1903-இல் அச்சில் கொண்டுவந்த கணக்கு இது. ராக்கெட் அடையும் வேகம் ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது: பின்னால் வாயு வெளியேறும் வேகம் ஒன்று, கிளம்பும் எடைக்கும் மிஞ்சும் எடைக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை இன்னொன்று. மடக்கை என்றதும் பிள்ளைகள் முகம் சுளிக்கும். திருப்பிப் போட்டுச் சொல்லுங்கள்: வேகம் கூட்டலில் ஏறும், எடை பெருக்கலில் ஏறும். வருஷம் கூடக் கூட அசல் இரட்டிப்பாகிற மாதிரி, வேகம் கூடக் கூட கிளம்பும் எடை இரட்டிப்பாகும்.

இரட்டிக்கும் தவணை எரிபொருளைப் பொறுத்தது. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் என்றால் வாயு நொடிக்கு சுமார் 3.3 கி.மீ. வேகத்தில் வெளியேறும், ஒவ்வொரு 2.3 கி.மீ./நொடிக்கும் எடை இரட்டிக்கும். திட எரிபொருளுக்கு வாயு வேகம் 2.6, அதனால் 1.8-க்கே இரட்டித்துவிடும். திரவ ஹைட்ரஜனுக்கு 4.3, அங்கே 3 கி.மீ./நொடி வரை தாங்கும். திடம் மீட்டர் வட்டி, மண்ணெண்ணெய் கடை வட்டி, ஹைட்ரஜன் சொந்தக்காரர் வட்டி என்று வைத்துக்கொள்ளலாம். சொந்தக்காரர் வட்டியில் வேறு தொல்லை உண்டு. அது பின்னால்.

பூமியைச் சுற்ற 7.8 கி.மீ./நொடி வேண்டும். ஏறும்போது ஈர்ப்பும் காற்றும் தின்பது சுமார் 1.6. மொத்தம் 9.4. மண்ணெண்ணெயில் நாலு இரட்டிப்பு: 2, 4, 8, 16. கொசுறு சேர்த்தால் 17 சொச்சம். அதாவது 100 கிலோ கிளம்பினால் 94 கிலோ எரிபொருள். மிச்சம் 6 கிலோ. அந்த 6 கிலோவுக்குள் தொட்டி, எஞ்சின், குழாய், ஒயர் எல்லாம் அடங்கணும். பிறகுதான் செயற்கைக்கோள்.

சமையலறைச் சிலிண்டரை எடுத்துக் காட்டுங்கள். வாயு 14.2 கிலோ, காலிச் சிலிண்டரின் எடை மேலேயே எழுதியிருக்கும், 15 கிலோவுக்கு மேல். அங்கே டப்பா பாதி, சரக்கு பாதி. ராக்கெட்டில் டப்பாவுக்குக் கிடைப்பது நூற்றில் நாலோ ஐந்தோ.

பொடியன் | வெள்ளி, இரவு 10.41

அண்ணே, அப்ப 6 கிலோவில் தொட்டியே 8 கிலோ ஆனா?

பேரேடு | வெள்ளி, இரவு 11.15

ஆனால் கடை திவால். ஒற்றை அடுக்கில், அதாவது தொட்டி எஞ்சினெல்லாம் ஒரே துண்டாக, போக முடியாது என்பதற்கு அதுதான் காரணம், தம்பி. அடுக்குப் பிரித்துக் கணக்குப் பார்.

ஒவ்வொரு அடுக்கிலும் இரும்பும் அலுமினியமுமாக 8 சதவீதம் என்று வை. 9.4-ஐ ரெண்டாகப் பிரித்தால் அடுக்குக்கு 4.7. அதற்கு எடை விகிதம் 4.15. 100 டன் கிளம்பினால் முதல் அடுக்கு எரிந்து முடியும்போது 24 டன் இருக்கும். அதில் 6.6 டன் காலித்தொட்டி. அதைக் கழற்றி எறிந்தால் 17.5 டன். இந்த 17.5-க்கு இதே கணக்கை இன்னொரு தரம் போட்டால் மேலே சேருவது 3 டன். ஒற்றை அடுக்கில் கைமுதலே போயிருக்கும். ரெண்டு அடுக்கில் நூற்றுக்கு மூணு மிஞ்சுகிறது. நஷ்டத்தில் ஓடும் கிளைக்கடையைப் பூட்டிவிட்டு மேற்கொண்டு நடப்பது மாதிரி.

தெற்குவாசல் | சனி, காலை 6.50

கணக்கு சரி. ஆனால் கண்மாய்க்கரை கேட்டது பி.எஸ்.எல்.வி. அங்கே மூணு சதவீதமெல்லாம் கிடையாது. எக்ஸ்.எல். வகையில் 320 டன்னுக்கு 1,750 கிலோ, 600 கி.மீ. துருவப் பாதைக்கு, அதாவது வடக்கு தெற்காகத் துருவங்கள் மேல் சுற்றும் பாதைக்கு. அரை சதவீதம் சொச்சம். காரணத்தைத் தனித்தனியாகச் சொல்லாவிட்டால் அடகுக்கடை அண்ணாச்சி விடமாட்டார்.

முதல் அடுக்கு திடம், 139 டன். பேரேடு சொன்ன மீட்டர் வட்டி. திட மோட்டாரில் முழுக்குழாயுமே எரியறை. உள்ளழுத்தம் முழு நீளத்தையும் அமுக்கும். அதனால் உறை கனமாகத்தான் இருக்கணும். திரவ எஞ்சினில் அழுத்தம் சின்ன எரியறையோடு நின்றுவிடும், தொட்டி மெல்லிசாக இருக்கலாம்.

அடுத்தது, துருவப் பாதைக்குத் தெற்கே போகணும். ஸ்ரீஹரிகோட்டாவில் பூமியின் சுழற்சி கிழக்கே 450 மீ./நொடி இலவசமாகத் தருகிறது. தெற்கே போகிறவனுக்கு அந்த மானியம் கிடையாது.

மூணாவது இலங்கை. நேர் தெற்கே விட்டால் எரிந்த அடுக்குகள் இலங்கை மேல் விழும். அதனால் தென்கிழக்கே கிளம்பி, தீவைத் தாண்டிய பிறகு ஒடித்துத் திருப்புகிறார்கள். அந்த ஒடிப்புக்கு ஆகும் எரிபொருள் முழுக்கச் சரக்கிலிருந்து கழிகிறது.

மொட்டைமாடி ஆச்சி | சனி, காலை 7.30

அப்படியே இஸ்ரோ புது ஏவுதளம் கட்டும் குலசேகரப்பட்டினத்தையும் சொல்லிவிடுங்கள் தம்பி. "பூமத்திய ரேகைக்குப் பக்கம், அதனால்தான் அங்கே" என்று பத்திரிகையில்கூட எழுதுகிறார்கள்.

தெற்குவாசல் | சனி, காலை 8.05

சரியாகப் பிடித்தீர்கள் ஆச்சி. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் கிடைப்பது கிழக்கே போகிறவனுக்கு மட்டும். ஸ்ரீஹரிகோட்டா 13.7 பாகை, குலசேகரப்பட்டினம் 8.4 பாகை, ரெண்டுக்கும் வித்தியாசம் நொடிக்கு 10 மீட்டர் அளவுதான். தூத்துக்குடிக் கரையில் கட்டுவதற்கு உண்மையான காரணம், அங்கிருந்து நேர் தெற்கே இந்தியப் பெருங்கடல் திறந்து கிடக்கிறது, இலங்கை இடதுபக்கம் ஒதுங்கிவிடுகிறது. சின்ன ராக்கெட்டுக்கு இது உயிர். எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர் உயரம், 120 டன், 500 கிலோவை 500 கி.மீ. உயரத்துக்கு ஏற்றும். 320 டன் ராக்கெட் ஒடிப்பைத் தாங்கும். 120 டன் ராக்கெட் ஒடித்தால் மிச்சமே இல்லாமல் போய்விடும். அடிக்கல் 2024 பிப்ரவரி 28-இல் நாட்டினார்கள்.

எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் (2022 ஆகஸ்ட் 7) தோற்ற கதையையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மூணு திட அடுக்கும் ஒழுங்காக எரிந்தன. ரெண்டாம் அடுக்கு கழன்றபோது வந்த அதிர்ச்சியில் முடுக்கமானிகள் (வேகம் மாறுவதை அளக்கும் உணரிகள்) ஒரு கணம் அளவு மீறிக் காட்டின. கணினி "உணரிகள் கெட்டுவிட்டன" என்று முடிவுகட்டி, அவசர வழிக்கு மாறிவிட்டது. 356 கி.மீ. வட்டப் பாதை வரவேண்டிய இடத்தில் பூமிக்கு 76 கி.மீ. வரை இறங்கும் நீள்வட்டம் வந்தது. 76-இல் காற்று இருக்கிறது, செயற்கைக்கோள் தங்காது. உணரி கெடவே இல்லை. ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10-இல், அடுத்தது சரியாகப் போனது.

திடம் எளிது என்று யாராவது சொன்னால் 2025 மே 18-ஐ நினைவுபடுத்துங்கள். பி.எஸ்.எல்.வி. சி61. மூணாம் அடுக்குத் திட மோட்டாரில் எரியறை அழுத்தம் விழுந்தது, பயணம் அத்தோடு முடிந்தது. திடத்தைப் பற்றவைத்தால் நிறுத்த முடியாது, கூட்டிக் குறைக்க முடியாது, ஏவுவதற்கு முன்னால் அதே மோட்டாரை ஒரு தரம் எரித்துப் பார்க்கவும் முடியாது. திரவ எஞ்சினை இஸ்ரோவின் மகேந்திரகிரி சோதனைத் தளத்தில் எரித்துப் பார்த்துவிட்டு எடுத்துப்போகலாம்.

பொடியன் | சனி, காலை 9.20

வரலாறு சொல்லும்போது திப்பு சுல்தான்தான் முதல் ராக்கெட் விட்டார்னு ஆரம்பிக்கலாமா?

மொட்டைமாடி ஆச்சி | சனி, காலை 10.00

வேண்டாம் அப்பா. அதற்குப் பல நூறு வருஷம் முன்னாலேயே சீனாவில் வெடிமருந்து அம்பு உண்டு. மைசூர்க்காரர்கள் செய்த காரியம் வேறு: காகிதம், மூங்கில் உறைக்குப் பதிலாக இரும்புக் குழாய். உறை தாங்கினால் உள்ளே அழுத்தம் கூடும், வாயு வேகமாக வெளியேறும், தூரம் கூடும். பேரேடு சொன்ன வட்டி விகிதம் அங்கேயே இறங்கிவிட்டது. ஹைதர் அலி காலத்திலேயே, 1780-இல், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் கம்பெனிப் படை அதை அனுபவித்தது. பிறகு இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் அதைப் பார்த்து வளர்த்தார். சிவமொக்கா மாவட்டம் நகராவில் 2018-இல் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட் உறைகளை எடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த நீள மூங்கில் கழி. அது அலங்காரமில்லை, வால். அதில்லாவிட்டால் குழாய் கரகரவென்று சுற்றி விட்டவன் காலடியிலேயே விழும்.

பட்டறைவாசல் | சனி, மாலை 4.15

ஆச்சி வாலைத் தொட்டதால் மூணாம் கேள்விக்கு நான் வருகிறேன். தண்ணி ராக்கெட்தான்: பாட்டிலில் கொஞ்சம் தண்ணி, மேலே அமுக்கின காற்று, காற்று தண்ணியைப் பின்னால் தள்ள பாட்டில் மேலே போகும். சர்க்கரை, உப்பு ரசாயனம் கலந்து எரிபொருள் செய்யலாம் என்று யாராவது யூடியூபைப் பார்த்து வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். உரிமமில்லாமல் செய்வது சட்டப்படி குற்றம், விரலும் போகும். தண்ணியும் காற்றும் அதே சமன்பாட்டைக் காட்டும்.

பாட்டில்: 2 லிட்டர் சோடா, கோலா பாட்டில் மட்டும். குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம். வாயு இல்லாத சரக்குக்குச் செய்தது, சுவர் மெல்லிசு. வெயிலில் கிடந்தது, மடிப்பு விழுந்து வெள்ளைக் கோடு தெரிவது, அடியில் நட்சத்திர விரிசல் உள்ளது, எல்லாம் குப்பைக்கு. நல்ல பாட்டிலையும் பத்துத் தரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

சோதனை: பாட்டிலை முழுக்க, விளிம்பு வரை தண்ணி நிரப்பி 90 பி.எஸ்.ஐ. ஏற்றிப் பாருங்கள். முழுக்கத் தண்ணியாக இருந்தால் உடைந்தாலும் சளக்கென்று ஊற்றிவிட்டு நிற்கும், ஏனென்றால் தண்ணி அமுங்காது, சக்தியைச் சேர்த்து வைக்காது. காலிப் பாட்டிலில் அதே அழுத்தம் ஏற்றினால் வெடிக்கும். பறக்க விடும்போது 60-க்கு மேல் போகாதீர்கள்.

ஏவுதளம்: அரை அங்குல பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 21.7 அளவு. எதற்கோ செய்தது இதற்கென்றே செய்த மாதிரி பொருந்தும். குழாயில் கழுத்து வரும் இடத்தில் அரத்தால் லேசாகப் பள்ளம் போட்டு ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாட்டணும். குழாயைச் சுற்றி எட்டுப் பத்து கேபிள் டை, தலை மேலே இருக்கிற மாதிரி, கிளாம்ப் போட்டு இறுக்கணும். தலைகள் பாட்டில் கழுத்து வளையத்துக்கு மேலே உட்கார்ந்து பிடிக்கும். அந்தத் தலைகளைச் சுற்றி இறுக்கமாக ஏறுகிற பெரிய குழாய்த் துண்டு ஒன்று. அளவைக் கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்குங்கள். அதைக் கயிற்றால் கீழே இழுத்தால் தலைகள் விரியும், ராக்கெட் கிளம்பும். அடியில் மூடியில் 11.5 மி.மீ. துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு. கீழே மானி வைத்த சைக்கிள் பம்ப்.

கார்க் அடைத்து விடுகிற முறையும் உண்டு. மலிவு, ஆனால் எந்த அழுத்தத்தில் பிடுங்கும் என்று யாருக்கும் தெரியாது. கூட்டம் நிற்கும் இடத்தில் அது ஆகாது.

வால்: பிளக்ஸ் பலகையின் பின்னால் வருகிற நெளிவு பிளாஸ்டிக் அட்டை, மூணு அல்லது நாலு. சூடான பசைத் துப்பாக்கியைப் பாட்டில் மேல் நேராக வைத்தால் சுவர் உருகி அங்கேயே பலூன் விடும். நொடியில் ஒட்டும் பசை பட்டால் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று வெடிக்கும். ரெட்டைப் பக்கம் ஒட்டும் நுரை டேப், மேலே சுற்றி ஒரு டேப். போதும்.

பொடியன் | சனி, மாலை 4.40

கனத்தை வாலுக்குப் பக்கத்தில் கட்டினால் நேரா நிக்காதா? ஊஞ்சல் மாதிரி?

பட்டறைவாசல் | சனி, மாலை 5.30

இந்தத் தப்பை நீ மட்டும் பண்ணவில்லை. அமெரிக்க ராக்கெட் முன்னோடி கோடார்ட் 1926 மார்ச் 16-இல் மாசசூசெட்ஸ் ஆபர்னில் விட்ட முதல் திரவ ராக்கெட்டின் படத்தைப் பார். எஞ்சின் உச்சியில், தொட்டிகள் கீழே தொங்கும். இரண்டரை நொடி, 12 மீட்டர் உயரம், 56 மீட்டர் தள்ளிப்போய் விழுந்தது. மேலிருந்து இழுத்தால் நேராகப் போகும் என்கிற எண்ணம். ஊஞ்சலுக்கு மேலே நிலையான கொக்கி இருக்கிறது, ராக்கெட்டுக்கு எதுவுமில்லை. ராக்கெட் சாய்ந்தால் உந்துவிசையும் கூடவே சாய்ந்துவிடும். எஞ்சின் மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன.

விதி இதுதான்: எடைமையம் முன்னால், காற்று தள்ளும் மையம் பின்னால், ரெண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு பாட்டில் விட்டம், 11 செ.மீ. காற்று மையம் கண்டுபிடிக்க ராக்கெட்டின் நிழல் உருவத்தை அட்டையில் வெட்டி விரல் மேல் நிறுத்துங்கள். அது நிற்கும் இடம் ஏறத்தாழ அதுதான். எடைமையத்துக்குத் தண்ணியில்லாமல் ராக்கெட்டையே கயிற்றில் தொங்கவிடுங்கள். இடைவெளி போதவில்லையா, மூக்குக்குள் 30 முதல் 50 கிராம் களிமண். பிறகு அதே கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் வந்தால் பறக்கும். பக்கவாட்டில் சுற்றினால் இன்னும் களிமண்.

வாலைப் பெரிசு பெரிசாக வைத்தாலும் தப்பு. காற்றுக்கு எதிராகத் திரும்பிப் படுத்துக்கொண்டு ஓடும். ஆடிக் காற்றில் விடவே விடாதீர்கள். சித்திரை, வைகாசியில் கண்மாய் காய்ந்து கிடக்கும், காலை 9 மணிக்குள் முடித்துவிடலாம்.

பேரேடு | சனி, இரவு 8.10

எண்ணையும் போட்டுவிடுகிறேன். 60 பி.எஸ்.ஐ. என்றால் 4 பார். தண்ணி வெளியேறும் வேகம் ஆரம்பத்தில் 28 மீ./நொடி; காற்று விரிந்து அழுத்தம் விழுந்து கடைசியில் 20-க்குக் கிட்ட. காலி எடை 130 கிராம், தண்ணி 650 கிராம் என்றால் எடை விகிதம் 6. முதல் கணத்தில் உந்துவிசை 30 கிலோ எடைக்குச் சமம். முக்கால் கிலோ பாட்டிலை 30 கிலோ தள்ளினால் என்ன ஆகும்? அதனால்தான் கிளம்புவதைக் கண் பிடிக்காது. தண்ணி முழுக்கத் தீர பத்தில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது.

பிள்ளைகளை மூணு தரம் விடச் சொல்லுங்கள்: 300 மில்லி, 650 மில்லி, 1,300 மில்லி. நடுவிலுள்ளதுதான் உயரப் போகும். தண்ணி குறைந்தால் எடை விகிதம் போச்சு. தண்ணி கூடினால் காற்றுக்கு இடமில்லை, அழுத்தம் சட்டென்று செத்துவிடும், பாதித் தண்ணியோடு தவளை மாதிரித் தாவிவிட்டு விழும். பலகையில் எழுதும் சமன்பாட்டைவிட இந்தத் தவளை புரியவைக்கும்.

மின்பகு | ஞாயிறு, காலை 7.00

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மின்வேதியியலை விட்டுவிட்டு ராக்கெட் பேசுகிறீர்களே! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) காலேஜ் ரோட்டில்தானே இருக்கிறது.

திட எரிபொருளில் பெரும்பங்கு அம்மோனியம் பெர்குளோரேட், ஆக்சிஜன் தருவது அதுதான். இஸ்ரோவின் ஆலை கேரளத்து ஆலுவாவில். அதன் பூர்வீகம் சாப்பாட்டு உப்பு: உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரேட், அதிலிருந்து பெர்குளோரேட். ரெண்டாம் படியில் நேர்மின்வாய்தான் தலைவலி. பிளாட்டினம் போட்டால் ஓடும், விலை தாங்காது. கிராஃபைட் மேல் ஈய டையாக்சைடு பூசிய மின்வாயைக் காரைக்குடியில் உருவாக்கி 1970-களில் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பிளாட்டினம் இல்லாமல் உப்பை ஆக்சிஜனேற்றியாக்கும் வழி. இதைச் சொன்னால் கூட்டத்தில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ரெண்டாம் கேள்விக்கும், மனுஷனுக்கும், மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் இதே மின்பகுப்புதான் வருகிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 0.84 கிலோ ஆக்சிஜன். தண்ணியைப் பிரித்து எடுத்தால் 0.95 கிலோ தண்ணி போதும். ஆனால் 2,800 ஆம்பியர்-மணி ஓடணும். கலத்துக்கு 2 வோல்ட் என்றால் 5.6 யூனிட் கரண்ட், ஒரு ஆளின் ஒரு நாள் மூச்சுக்கு.

இங்கே மேசை மேல் செய்தால் குமிழி தானாக மேலே கிளம்பிப் போகும். விண்வெளியில் மேல் கீழ் இல்லை. குமிழி மின்வாயிலேயே ஒட்டிக்கொண்டு வளரும், கரைசலை விலக்கிவிடும், கலம் அடைத்துப்போகும். தண்ணியைப் பம்ப் போட்டுத் தள்ளிச் சுழற்றிப் பிரிக்கணும். தரையில் ஒரு பாகம், மேலே ஐந்து பாகம், ஐந்தும் பழுதாகும்.

தெற்குவாசல் | ஞாயிறு, காலை 8.45

நல்ல இடத்தில் விட்டீர்கள். ககன்யான் என்பது இஸ்ரோ ஆளை அனுப்பும் திட்டம்: மூணு பேர், மூணு நாள், 400 கி.மீ. ஒன்பது ஆள்-நாளுக்கு ஆக்சிஜன் 7.6 கிலோ, சிலிண்டரில் எடுத்துப்போனாலே போதும். விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்க லித்தியம் ஹைட்ராக்சைடு, ஒரு கிலோ வாயுவுக்கு 1.1 கிலோ அளவு, மொத்தம் பத்து கிலோ. இதெல்லாம் கஷ்டமே இல்லை. இழுப்பது வேறு ரெண்டு: கிளம்பும்போது தப்பிப்பது, வரும்போது எரியாமல் இறங்குவது.

ராக்கெட் கெட்டால் ஆள் இருக்கும் கூண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது தப்பிக்கும் கோபுரம். அதற்குத் திட மோட்டார்கள். இங்கே மீட்டர் வட்டிதான் நல்லது, ஏனென்றால் திடம்தான் சொன்ன கணத்தில் பற்றும். 2023 அக்டோபர் 21 சோதனையில் விகாஸ் என்ற இஸ்ரோவின் திரவ எஞ்சின் ஒன்று வைத்த வண்டியில் ஏற்றி, ஒலி வேகத்தைத் தாண்டியபோது, சுமார் 12 கி.மீ. உயரத்தில் கூண்டைப் பிடுங்கிக் கடலில் இறக்கினார்கள். அன்றைக்கே முதல் முயற்சியில் ஏவுவதற்கு 5 நொடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. காரணத்தைப் பார்த்துவிட்டுக் காலை 10 மணிக்கு ஏவினார்கள். நல்ல பயணம் என்றால் அந்தக் கோபுரம் வேலையே செய்யாமல் கழன்று விழும். அவ்வளவு கனம் வீணுக்குத்தான். ஆள் போகும்போது அந்த வீணைச் சுமந்தே ஆகணும்.

இறங்குவது: நொடிக்கு 7.8 கி.மீ.யில் ஒவ்வொரு கிலோவிலும் 30 மெகாஜூல், அதாவது 8 யூனிட் கரண்டுக்கு மேல். 5 டன் கூண்டு என்று வைத்தால் 42,000 யூனிட், சில நிமிஷத்தில் கரையணும். கூர் மூக்கு வைத்தால் அதிர்ச்சி அலை உடலோடு ஒட்டி, வெப்பம் உள்ளே ஏறும். மழுங்கின அடி வைத்தால் அலை முன்னால் விலகி நிற்கும், பெரும்பங்கு வெப்பம் காற்றோடு போகும். இதை 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆலன் கண்டுபிடித்தார். ககாரின் (1961 ஏப்ரல் 12, 108 நிமிஷம்) உருண்டையில் காற்றுமண்டலத்துக்குள் திரும்பினார், ராகேஷ் சர்மா 1984-இல் சோயுஸில், சுபான்ஷு சுக்லா 2025 ஜூலை 15-இல் டிராகனில். எல்லாமே மழுங்கல்தான்.

மொட்டைமாடி ஆச்சி | ஞாயிறு, காலை 9.30

அதோடு 1986 ஜனவரி 28 சேலஞ்சரைச் சொல்லாமல் விடாதீர்கள். திட மோட்டாரின் இணைப்பு ஓ-ரிங் குளிரில் இறுகி, வாயு கசிந்தது. பட்டறைவாசல் தம்பி பி.வி.சி. குழாயில் மாட்டச் சொன்ன அதே சாமான், அதே வேலை. கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொன்னால் வேறு படம் வேண்டாம்.

கண்மாய்க்கரை | ஞாயிறு, பகல் 12.20

ஆச்சி, அது நிச்சயம் உண்டு. செவ்வாய்க்கு ஆள் போவது பற்றிக் கேட்பார்கள். "2030-க்குள்" என்று ஏதாவது ஒரு தேதி சொல்லிவிடலாமா?

பேரேடு | ஞாயிறு, பகல் 2.00

தேதி சொல்லாதீர்கள், ஐந்தொகை போட்டுக் காட்டுங்கள். நாலு பேர், போய் வர 900 நாள், 3,600 ஆள்-நாள். ஆக்சிஜன் 3 டன். தண்ணி நாளுக்கு 3 கிலோ, 10.8 டன். சாப்பாடு உறையோடு 1.8 கிலோ, 6.5 டன். இப்போது வட்டி. தரையில் 33 கிலோவுக்குப் பூமிச் சுற்றில் 1 கிலோ என்று மேலே பார்த்தோம். அங்கிருந்து செவ்வாய்க்குத் தள்ள இன்னும் 3.6 கி.மீ./நொடி, மீத்தேன் எஞ்சினில் 2.6 மடங்கு. ஆக 1 கிலோவுக்கு ஏவுதளத்தில் 85 கிலோவுக்கு மேல், இறங்கும் செலவு சேர்க்காமல். தண்ணிக்கு மட்டும் 900 டன் ராக்கெட்.

அதனால்தான் விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சு ஈரம் எல்லாவற்றிலிருந்தும் 98 சதவீதம் தண்ணி மீட்டதை 2023-இல் பெரிய செய்தியாகச் சொன்னார்கள். 10.8 டன் கோட்பாட்டளவில் சில நூறு கிலோவாகச் சுருங்கும். எஞ்சினில் ஒரு சதவீதம் கூட்டப் படாதபாடு படுகிறவர்கள், கழிவறைப் பக்கம் அடித்த லாபம் அது.

மின்பகு | ஞாயிறு, மாலை 3.10

ஆக்சிஜனை அங்கேயே செய்துகொள்ள முடியுமா என்பதற்கு ஒரே ஒரு நேரடிச் சோதனைதான் நடந்திருக்கிறது. செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் வண்டியிலிருந்த மாக்ஸி என்ற கருவி, செவ்வாயின் கரியமில வாயுவைச் சூடான திட ஆக்சைடு கலத்தில் மின்பகுத்தது. 2021 முதல் 2023 வரை 16 ஓட்டம், மொத்தம் 122 கிராம். அதிகபட்சம் மணிக்கு 12 கிராம். ஒரு ஆளுக்கு மணிக்கு 35 கிராம் வேண்டும். வேலை செய்கிறது, அளவுதான் காணாது. இதைப் பெரிசாக்குவதுதான் இனிமேல் உள்ள வேலை. அது எஞ்சின் வேலை இல்லை, மின்வாய் வேலை.

தெற்குவாசல் | ஞாயிறு, மாலை 5.40

ராக்கெட் விலையையும் ஒரு வரியில் சொல்லுங்கள். எரிபொருள் மலிவு, எறிந்துவிடும் உலோகம்தான் விலை. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஃபால்கன் 9 முதல் அடுக்கு திரும்பி வந்து நின்றது. 2024 அக்டோபர் 13-இல் அவர்களுடைய ஸ்டார்ஷிப்பின் கீழ் அடுக்கை ஏவுதளக் கோபுரத்தின் கைகளே பிடித்தன. திரும்பி வர எரிபொருள் மிச்சம் வைக்கணும், அதற்குச் சரக்கில் கணிசமாகக் கழியும். அப்படியும் லாபம். இஸ்ரோ பக்கம் சித்திரதுர்காவில் புஷ்பக் என்ற இறக்கை வண்டியை ஹெலிகாப்டரிலிருந்து விட்டு 2023, 2024-இல் மூணு தரம் ஓடுபாதையில் இறக்கியாயிற்று. சுற்றுப்பாதையிலிருந்து இறக்குவது இன்னும் பாக்கி.

பேரேடு சொல்லாமல் விட்ட ஹைட்ரஜன் தொல்லை: மைனஸ் 253 பாகை, லிட்டருக்கு 71 கிராம்தான் எடை. தொட்டி பெரிசு, காப்பு தடிப்பு, நாள்பட நின்றால் ஆவியாகிக் கரையும். மூணு நாள் பயணத்துக்குச் சரி, செவ்வாய்க்கு ஆறு மாதம் தாங்காது. அதனால்தான் பலரும் மீத்தேனுக்குப் போகிறார்கள்.

கண்மாய்க்கரை | ஞாயிறு, இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம், பட்டறைவாசல் அண்ணே. அழுத்தம் ஏற்றியாச்சு, கயிற்றை இழுத்தாச்சு, ராக்கெட் கழன்று வரவில்லை. என்ன செய்ய?

பட்டறைவாசல் | ஞாயிறு, இரவு 9.05

கிட்டே போகாதீர்கள். எட்டிப் பார்க்கும் தலைக்கு நேராகத்தான் கிளம்பும். பம்ப்பிலிருந்து ஏவுதளத்துக்கு 10 மீட்டர் காற்றுக்குழாய் போடுங்கள்; பம்ப் முனையில் ஒரு டி-இணைப்பும், கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் ஒரு பந்து வால்வும். வராவிட்டால் நின்ற இடத்திலிருந்தே வால்வைத் திறந்து காற்றை விட்டுவிடலாம். டயர் வால்வு ஒருவழி என்பதால் அதன் உள்ஊசியைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் காற்று திரும்பி வராது. ஊசியைக் கழற்றினால் தண்ணி குழாய்க்குள் இறங்கும். அதற்கு பி.வி.சி. குழாயின் மேல்முனை பாட்டிலுக்குள் தண்ணி மட்டத்துக்கு மேலே நிற்கிற நீளத்தில் வெட்டணும், ஒரு 25 செ.மீ. உள்ளே போகட்டும்.

கழலாததற்குக் காரணம் பெரும்பாலும் வெளிக்குழாய் சாய்ந்து இறங்குவது. கயிற்றை ஒரு பக்கம் மட்டும் கட்டாமல் ரெண்டு பக்கமும் கட்டி நடுவில் சேர்த்து இழுங்கள். ஓ-ரிங்குக்குச் சமையல் எண்ணெய் தடவாதீர்கள், செம்மண் ஒட்டிக்கொண்டு கசியும். சோப்புத் தண்ணி போதும். உபரியாக மூணு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.